எழுப்பிவிட்ட எஞ்சின்

முதல் காற்றுக்கு எஞ்சின் ஒரு இருமல் இருமிவிட்டு நின்றது. இரண்டாவது காற்றுக்கு அந்த இருமலும் இல்லை; தண்டு நாலைந்து சுற்று வெறுமனே சுற்றி அடங்கியது. மூத்த ஃபிட்டர் உளி நெம்புகோலிலிருந்து கையை எடுக்காமல் தலையை மட்டும் திருப்பி, எஞ்சினைச் சுழற்றிவிடும் காற்றுக் கலத்தின் மீட்டரைப் பார்த்தார். முள் சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரல்கடை மேலே நின்றது. இன்னும் ஒரே ஒரு தடவை. அதற்கு மேல் அந்தக் கலத்தில் பலூன் ஊதக்கூடக் காற்று இருக்காது. மூன்றாவது முறை நெம்புகோலை இறக்கினார். எஞ்சின் தட்டுத் தடுமாறி, ஒரு பக்கத்துச் சிலிண்டர்கள் மட்டும் வெடித்து, கறுப்பாகக் கக்கி, கடைசியில் போனால் போகிறதென்று ஓட ஆரம்பித்தது.

"ஓடிருச்சுல்ல? அப்புறம் ஏன் பொணத்தப் பாத்த மாதிரி நிக்கிற?" மேலே திறப்பின் விளிம்பில் குந்தியிருந்த ஃபோர்மேன் கத்தினார்.

உளி ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினார். சத்தம் அடங்கியதும் அந்த இரும்பு அறை முழுக்கத் தன் மூச்சு மட்டும் கேட்டது. ஐம்பத்தேழு வயதுக்கு அது கொஞ்சம் அதிகமான மூச்சுத்தான்.

கப்பல் கட்டும் தளத்தில் அவருக்கு உளி என்று பெயர் வந்ததற்கு அவர் வாய்தான் காரணம். பட்ட இடத்தில் செதில் எடுக்கும். ஃபோர்மேனுக்குச் சோப்பு என்று பெயர் வந்த காரணத்தை மேலதிகாரிகளைத் தவிர எல்லாரும் அறிவார்கள். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒருவர் தலைக்கு வெள்ளைத் தொப்பி வந்தது, இன்னொருவர் தலையில் அதே பழைய மஞ்சள் தொப்பி விரிசலோடு இருந்தது. அந்த விரிசலுக்கு ஒரு கதை உண்டு. அது பிறகு.

தளத்தின் தண்ணீர் வடித்த உலர்துறையில் நின்றது அணுசக்தியில் ஓடும் நீர்மூழ்கி. வேலை செய்கிறவர்கள் அதைப் படகு என்பார்கள். மூன்று மாடி உயரத்துக்கு, இரண்டு தெரு நீளத்துக்கு இருக்கிற ஒன்றைப் படகு என்று சொல்ல ஒரு திமிர் வேண்டும். அது அங்கே எல்லாருக்கும் இருந்தது. படகுக்குள் அணு உலை இருக்கும்போது இந்த டீசல் எஞ்சின் எதற்கு என்று புதிதாக வருகிற எழுத்தர்கள் கேட்பார்கள். உலை எதனாலாவது நின்றுபோனால் மின்சாரம் நின்றுபோகும். நின்றுபோன உலை உடனே ஆறாது. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் கொதிப்பது போல உள்ளே கொதித்துக்கொண்டே இருக்கும். அதன்மேல் தண்ணீரை ஓடவிடப் பம்ப் வேண்டும், பம்ப்புக்கு மின்சாரம் வேண்டும். பேட்டரி சில மணி நேரம் தாங்கும். அதற்குள் மேலே வந்து, குழாயை நீட்டிக் காற்றை இழுத்து, இந்த டீசலை ஓடவைத்தாக வேண்டும். எழுபது எண்பது நாள் ஒரு மூலையில் சும்மா கிடந்த எஞ்சின், கூப்பிட்ட அந்த ஒரு நாளில் எழுந்து ஓட வேண்டும். கூப்பிட மூன்று தடவைக்குத்தான் காற்று. காற்றை மறுபடி நிரப்பும் இயந்திரத்துக்கும் மின்சாரம்தான் வேண்டும். உள்ளே நூற்றுப்பத்துப் பேர்.

எஞ்சின் மூன்று நாள் நின்றிருந்தது. தளத்துக்கு மூன்று நாள் விடுமுறை. திங்கட்கிழமை காலை உளி வழக்கம்போல அதை எழுப்பத்தான் இறங்கினார். எழுப்புவது என்றால் பக்கத்தில் இருக்கும் கைப்பம்ப்பை நாற்பது முறை அடித்து எரிபொருள் குழாயை நிரப்பிவிட்டு, ஒரு தடவை ஓட்டி நிறுத்துவது. பார்த்தால் பம்ப்பின் கைப்பிடியைக் காணோம். பெயின்ட் அடிக்கிறவர்கள் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். சரி, இன்று ஒரு நாள் பம்ப் அடிக்காமலே பார்ப்போம் என்று நெம்புகோலை இறக்கினார். பதினெட்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

அன்று மதியமே காரணத்தையும் கண்டுபிடித்தார். எஞ்சினுக்குப் பின்னால், படகின் சுவரை ஒட்டிக் கை மட்டும் நுழைகிற சந்தில், எரிபொருளைத் திரும்பிப் போகவிடாமல் தடுக்கிற ஒருவழி வால்வு ஒன்று உண்டு. கட்டைவிரல் அளவுதான். அது கசிந்தது. எஞ்சின் நின்றால் குழாயில் இருக்கிற டீசல் சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்கே திரும்பிவிடும். அரை நாளில் தெரியாது. மூன்று நாளில் குழாய் காலி. கிடங்கில் இருந்த இரண்டு மாற்று வால்வுகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்துச் சோதித்தார். இரண்டும் அதே தொகுதி, இரண்டும் கசிந்தன.

"புதுசு வர எவ்வளவு நாளாகும்?" என்று சோப்பின் அறையில் போய் நின்று கேட்டார்.

"நாலு மாசம். உனக்கு எதுக்கு?"

"பழுதுச் சீட்டு எழுதணும்."

"எழுது. எங்கிட்டதான வரும்?" சோப்பு மேசை டிராயரை இழுத்துக் காட்டினார். "எடம் நெறைய இருக்கு."

"வியாழக்கிழமை சோதனை முடிஞ்சா மேல்தகடு எறங்கி எஞ்சினுக்கு மேல இருக்கிற தெறப்ப மூடிரும். வெல்டு வெச்சாச்சுன்னா அப்புறம் அந்த வால்வத் தொட எவன் கையும் போகாது. தெரியுமில்ல?"

"தெரியும். அதனாலதான் சொல்றேன், வியாழக்கிழமை காலையில எழுப்பிடு. சோதனையில பத்து தடவ ஓட்டச் சொல்லுவாங்க, பத்துக்குப் பத்து ஓடும். கையெழுத்தப் போடு. போ."

"கடல்ல யாருடா எழுப்புவா?"

சோப்பு எழுந்து கதவைச் சாத்தினார். அவர் கதவைச் சாத்தினால் சோப்பு வழுக்காது, கடிக்கும். "யாருடா ஆரம்பிச்சது இத? நானா? ஒம்போது படகு. ஒம்போதுலயும் ஏழாவது வரியில யாரு கையெழுத்து? ஏழு படகு இப்ப தண்ணிக்குள்ள இருக்கு. பெரிய யோக்கியன் மாதிரி வந்து நிக்கிற."

அது உண்மை. பதினெட்டு வருடத்துக்கு முன்னால், இருவருமே மஞ்சள் தொப்பியாக இருந்த காலத்தில், ஒரு சோதனையில் எஞ்சின் அதிகாரியின் கண்முன்னால் இரண்டு தடவை மக்கர் செய்தது. குளிர்தான் காரணம், வேறொன்றும் இல்லை. மறுசோதனைக்கு உளி மூன்று மணி நேரம் முன்னதாகவே வந்து நாற்பது முறை பம்ப் அடித்து, ஒருமுறை ஓட்டி, எஞ்சினை வெதுவெதுப்பாக்கி வைத்துவிட்டார். பத்துக்குப் பத்து. அன்றிலிருந்து அது தளத்தின் பழக்கமாகிப் போனது. சோதனைத் தாளில் ஏழாவது வரி: 'சோதனைக்கு முந்தைய இருபத்துநான்கு மணி நேரத்தில் கைப்பம்ப் இயக்கப்பட்டதா, எஞ்சின் ஓட்டப்பட்டதா? ஆம் / இல்லை.' எல்லாத் தாளிலும் 'இல்லை'யில்தான் டிக். யாரும் அதைப் பொய் என்று நினைக்கவில்லை. கல்யாண போட்டோவுக்கு முன் தலை சீவிக்கொள்வதை யாராவது பொய் என்பார்களா? அந்த மாதிரி நினைத்துக்கொண்டார்கள். எழுப்பிய எஞ்சின்கள் எல்லாம் நல்ல எஞ்சின்கள்தான் என்று உளி இந்தத் திங்கட்கிழமை வரை நம்பினார். இப்போது யோசித்தால் அவற்றில் எது நல்லது, எது கசிகிறது என்று அவருக்கே தெரியாது. எல்லாவற்றையும் எழுப்பித்தானே அனுப்பினார்.

அறையை விட்டு வெளியே வந்தபோது மருமகன் எதிரே வந்தான். அவன் அந்தப் படகின் ஆள். டீசல் அறையில் மூன்று முறைக் காவலில் ஒரு முறை அவனுடையது. சட்டைக் கை மடிப்பு கத்தி போல நின்றது.

"என்ன மாமா, எஞ்சின் மூணாவதுலதான் புடிச்சுதாமே?"

"ஆமாங்க மாப்பிள்ளை. நீங்க வேணா அதுக்கும் ஒரு புகார் எழுதிக் குடுங்களேன். கை பழகினதுதான?"

அதுதான் தொப்பியின் கதை. ஆறு வருடத்துக்கு முன் ஒரு படகில், எஞ்சினின் எண்ணெய்த் தொட்டிக்குள் துடைப்புத் துணி ஒன்று கிடந்ததென்று எழுத்தில் புகார் கொடுத்தவன் இவன். அப்போது மருமகன் இல்லை, யாரோ ஒருவன். வேலை முடிந்ததும் துணிகளை எண்ணித் திரும்பக் கொடுக்க வேண்டும். அன்று உளி எண்ணவில்லை. எண்ணியதாக எழுதினார். ஃபோர்மேன் பதவி சோப்புக்குப் போனது. உளி தொப்பியைச் சுவரில் அடித்தார்; சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வருடம் அதே பயலை மகள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து, "இவரத்தான் கட்டிக்கப் போறேன்" என்றாள். துணி உள்ளே கிடந்தது உண்மை. அதை உளி இன்றுவரை ஒருவரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. உண்மையைச் சொன்னவன்மேல் வருகிற வெறுப்பு, பொய் சொன்னவன்மேல் வருவதைவிடக் கெட்டியானது. அது துருப்பிடிப்பதே இல்லை.

ஐந்து வருடமாக மூன்று அறை வீட்டில் நாலு பேர். ஒரே குளியலறை. மருமகன் குளித்துவிட்டு வந்தால் துண்டை நாலாக மடித்துக் கம்பியில் போடுவான், விளிம்போடு விளிம்பு சேர்த்து. அந்த மடிப்பைப் பார்த்தாலே உளிக்குப் பற்றிக்கொண்டு வரும். கலைத்துப் போடுவார். மறுநாள் அது மறுபடி நாலாக மடிந்திருக்கும். இந்தப் பயணம் போய் வந்தால் அவனுக்குப் பதவி உயர்வு, குடியிருப்பில் வீடு. வீட்டில் நாலு பேரும் நாள் எண்ணிக்கொண்டிருந்தது அதற்காகத்தான், உளியையும் சேர்த்து.

அன்று சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்ததுமே மகள் ஆரம்பித்தாள். தளத்தின் பெரிய கிரேனை ஓட்டுகிறவள் அவள். அந்த எஞ்சினையே படகுக்குள் இறக்கியது அவள் கைதான். ஒரு பக்கம் கூட உரசாமல் இறக்கினாள் என்று தளமே பேசியது. உளி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அன்று முழுக்க யாரையும் திட்டவும் இல்லை.

"சோப்பு மாமா எல்லாம் சொன்னாரு. என்னப்பா, கையெழுத்துப் போட மாட்டியாமே?"

"அவன் சொன்னா அது வேதமா?"

"உனக்கு இவரப் புடிக்காது. ஊருக்கே தெரியும். அதுக்காக எஞ்சின் மேல பழியப் போடாத. படகு நாலு மாசம் நின்னுச்சுன்னா வேற ஆளுங்கள ஏத்துவாங்க. இவரு மறுபடி வரிசையில கடைசி. இன்னும் ரெண்டு வருஷம் இந்தப் பொந்துலயே கெடக்கணுமா?"

"பொந்தா? இந்தப் பொந்துலதான்டி நீ வளந்த."

உளியின் மனைவி தகட்டுப் பட்டறையில் இருபது வருடம் சுத்தியல் சத்தத்துக்கு நடுவில் வேலை பார்த்ததில் ஒரு காது போனவள். வீட்டில் சண்டை வந்தால் அந்தக் காதை அவர் பக்கம் திருப்பி உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுவாள். இப்போதும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

மருமகன் மெதுவாகப் பேசினான். அவன் சத்தம் போட்டால்கூடத் தேவலை. "மாமா, வால்வு கசியுதுன்னு எனக்குத் தெரிஞ்சாச்சு. உலை நின்னா நான் நாப்பது பம்ப் அடிக்கிறேன். ஆறு நிமிஷ வேல. இதுக்கு எதுக்கு ஒரு படகையே நிறுத்தணும்?"

"நல்லதுங்க மாப்பிள்ளை. எட்டு மணி நேரம் உங்க காவல். மிச்சம் பதினாறு மணி நேரம் நீங்க தூங்குவீங்க, சாப்பிடுவீங்க, துண்ட மடிப்பீங்க. அப்ப நின்னா?"

"மத்த ரெண்டு பேருகிட்டயும் சொல்லி வெக்கிறேன்."

"எழுதி ஒட்டுவீங்களா?"

எழுதி ஒட்டினால் அது பழுது. பழுது இருந்தால் படகு போகாது. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

"அடுத்த பயணத்துல நீங்க வேற படகுக்குப் போயிருவீங்க. வர்றவன் மூணு காத்தையும் அடிச்சுத் தீத்துட்டு மீட்டரப் பாத்துக்கிட்டு நிப்பான். அவனுக்கு நான் எங்கேருந்து வந்து சொல்றது? கனவுலயா?"

"அந்தத் துணிக்கு இப்ப கணக்குத் தீக்கிறீங்க. அவ்வளவுதான்" என்றான் மருமகன்.

உளி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். கை கழுவும்போது அதைத்தான் யோசித்தார். அவன் சொன்னதில் பாதி உண்மை. வால்வு கசிகிறது என்று கண்டுபிடித்த அந்த மதியம் பயம் வந்தது. அதோடு சேர்ந்து, சின்னதாக, ஒரு சந்தோஷமும் வந்தது. மாட்டினான் என்று. அந்தச் சந்தோஷத்தை அவர் பார்த்துவிட்டார். அதனாலேயே சீட்டை வெளியே யாரிடமாவது கொண்டுபோக அவருக்குக் கூச்சமாக இருந்தது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். தான் ஒன்றும் சொல்ல வேண்டாம், எழுத வேண்டாம். வியாழக்கிழமை எஞ்சினை எழுப்பாமல் விட்டால் போதும். மூன்று நாள் நின்றிருக்கும். பரிசோதகர் கண்முன்னால் அது தானே சொல்லிவிடும். பழைய ஒன்பது படகுகளை யாரும் கிளற மாட்டார்கள். சும்மா இருப்பதே பெரிய வேலை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வியாழக்கிழமை விடிந்ததும் போனார். வேறு யாரும் எழுப்பிவிடாமல் காவலுக்கு உட்கார வேண்டும் என்பதுதான் எண்ணம். முந்தின நாளே மருமகன் படகில் காவல் என்று கிளம்பிப் போயிருந்தான். உளி ஏணியில் இறங்கி, விளக்கைப் போட்டு, முதலில் கைப்பம்ப்பைப் பார்த்தார். புதுப் பெயின்ட் அடித்த கைப்பிடி இடத்தில் மாட்டியிருந்தது. பம்ப்பின் கழுத்தில் ஈரம். விரலால் தொட்டு முகர்ந்தார். டீசல். பம்ப்புக்கு மேலே குழாயின்மேல் ஒரு துடைப்புத் துணி கிடந்தது, விளிம்போடு விளிம்பு சேர்த்து நாலாக மடித்து.

அவர் துணியை எடுத்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். காற்றுக் கலத்தின் முள் உச்சியிலேயே நின்றது. எஞ்சின் உடம்பு சில்லென்று இருந்தது. ஓட்டவில்லை, பம்ப் மட்டும் அடித்திருக்கிறான். அதுவே போதும். குழாய் நிறைந்திருக்கிறது. இன்று பத்துக்குப் பத்து ஓடும்.

குழாயின் அடியில் ஒரு வடிதிருகு உண்டு. அரைச் சுற்று திறந்தால் குழாய் பத்து நிமிடத்தில் காலியாகும். மூன்று நாள் கசிவு செய்கிற அதே வேலை. பொய்யை வடித்துவிட்டு உண்மையை வைக்கிற மாதிரிதான். உளி ஸ்பேனரை எடுத்துத் திருகில் பொருத்தினார். பொருத்திவிட்டு அப்படியே குந்தியிருந்தார்.

"தெற."

சோப்பு ஏணியின் பாதியில் நின்றார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"தெறடா. நான் இங்கேருந்தே காவலக் கூப்பிடுறேன். மாமனாரு மருமகன் மேல இருக்கிற கோவத்துல எஞ்சின் குழாயத் தெறந்துவிட்டாருன்னு நாளைக்கு ஊரே சிரிக்கும். பென்ஷனும் போச்சு, மானமும் போச்சு. தெற."

ஸ்பேனர் திருகில் இருந்தது. உளி அதைக் கழற்றிப் பெட்டியில் போட்டார். அந்தச் சத்தம் கேட்டுச் சோப்பு திருப்தியாக இறங்கி வந்தார். "புத்தி வந்துச்சே. மேடம் ஒம்போது மணிக்கு வர்றாங்க. மூஞ்சியக் கழுவிட்டு வா."

பரிசோதகர் ஒல்லியான அம்மாள். மூக்குக்கண்ணாடி நூலில் தொங்கும். வணக்கம் சொன்னால் தலையை ஆட்டுவாள், டீ கொடுத்தால் வேண்டாம் என்பாள். அதனாலேயே சோப்புக்கு அவளிடம் எங்கே தேய்ப்பதென்று தெரியாது. நெம்புகோலை இறக்குவது படகின் ஆள் வேலை. மருமகன் முன்னால் வந்து நின்றான். உளியின் சட்டைப் பையில் துணியின் ஒரு மூலை நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தான். பார்த்ததும் அவன் கழுத்து சிவந்தது. கண்ணை எடுத்துவிட்டு நெம்புகோலைப் பிடித்தான்.

எஞ்சின் முதல் காற்றுக்கே பாய்ந்து ஓடியது. நிறுத்தி, காற்று நிரப்பி, மறுபடி. இரண்டு. மூன்று. சாட்டையால் அடித்த குதிரை போல ஒவ்வொரு தடவையும் எழுந்தது. ஐந்தாவதற்குச் சோப்பு சிரிக்க ஆரம்பித்தார். ஏழாவதற்கு, "என்னமா ஓடுது பாருங்க மேடம்" என்றார். மேடம் எண்ணிக்கொண்டிருந்தாள். பத்தாவது முடிந்ததும் அட்டையோடு சேர்த்துத் தாளை உளியிடம் நீட்டினாள்.

உளி கண்ணாடியை மாட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று வழக்கமாக நிரப்பினார். ஏழாவது வரிக்கு வந்தபோது பேனா தானாகவே வலது பக்கக் கட்டத்துக்குப் போனது. பதினெட்டு வருடப் பழக்கம். அதை நிறுத்துவதற்கு அவருக்கு ஒரு லாரியை நிறுத்துகிற பலம் தேவைப்பட்டது. இடது பக்கம் கொண்டுவந்து 'ஆம்' என்பதில் டிக் அடித்தார். கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அவள் படித்தாள். மறுபடி படித்தாள். "ஏழாவது வரியில ஆம்னு இருக்கு. தெரியாமப் போட்டுட்டீங்களா?"

"தெரிஞ்சுதான் போட்டேன்."

"இந்தக் கைப்பம்ப்ப அடிச்சது யாரு?"

மருமகன் நிமிர்ந்து நின்றான், அடி வாங்கத் தயாராகிறவன் மாதிரி. உளியின் கை சட்டைப் பை வரை போனது. துணியை எடுத்து வைத்தால் போதும். ஆறு வருடம் இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் காத்திருந்தார். ஆனால் அவனை மாதிரியே எழுதிக் கொடுக்கிறவனாகத் தானும் அவன்முன் நிற்க வேண்டுமே என்று நினைத்ததும் உளி கையை இறக்கிக்கொண்டார்.

"நான்தான்."

"எப்போ?"

"இன்னைக்கு. இதுக்கு முன்னாடி ஒம்போது படகுலயும். நாப்பது தடவ அடிப்போம், ஒரு ஓட்டு ஓட்டுவோம். அப்புறம் உங்களக் கூப்பிடுவோம். மூணு நாள் சும்மா விட்டுட்டு ஓட்டிப் பாருங்க, இது மூணாவது காத்துலதான் புடிக்கும். நாலு நாள் விட்டா புடிக்குமான்னு எனக்குத் தெரியாது. வால்வு கசியுது. மத்த படகுல கசியுதான்னும் எனக்குத் தெரியாது. பாத்ததே இல்ல."

சோப்பு முன்னால் பாய்ந்தார். "மேடம், இவருக்கு ரெண்டு நாளா ஒடம்பு சரியில்ல. ரத்தக் கொதிப்பு. குடும்பத்துல வேற கொஞ்சம்…"

"நீங்க பேச வேண்டாம்." அவள் குரல் உயரவே இல்லை. தாளை நாலாக மடிக்காமல் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டாள். "ஒம்போது படகுன்னா சொன்னீங்க?"

"ஒம்போது. ஏழு வெளியில இருக்கு."

அவள் கொஞ்ச நேரம் எஞ்சினைப் பார்த்தாள். "நான் போய் போன் பண்ணணும். வர்ற வரைக்கும் இங்க யாரும் எதையும் தொடக் கூடாது. நீங்க தளத்த விட்டுப் போகக் கூடாது" என்று உளியிடம் சொல்லிவிட்டு ஏணியேறினாள். சோப்பு "மேடம், மேடம்" என்று பின்னாலேயே ஏறினார். பாதியில் நின்று திரும்பி, "என்னையும் சேத்துல்லடா பொதச்ச" என்றார். முதல் தடவையாக அவர் குரலில் வழுக்கல் இல்லை.

கீழே இரண்டு பேர் மிஞ்சினார்கள்.

"எம்பேரச் சொல்லியிருக்கலாம்" என்றான் மருமகன்.

"உம்பேரச் சொல்ல என் வாய் கூசுது." ஐந்து வருடத்தில் முதல் முறையாக உளி அவனை 'நீ' என்றார். துணியை எடுத்து அவன் மார்பில் எறிந்தார். "இந்தா. ஒண்ணுதான். எண்ணிப் பாத்துக்க."

அது தரையில் விழுந்தது. அவன் குனிந்து எடுத்தான், மடிக்கவில்லை. கசக்கிக் கையில் வைத்துக்கொண்டான். "நன்றி சொல்லுவேன்னு நெனைக்காதீங்க. என் அஞ்சு வருஷத்தக் கெடுத்துட்டீங்க."

"சொன்னா மூஞ்சியிலேயே துப்பிருவேன்."

உளி ஏணியேறி மேலே வந்தார். வெயில் கண்ணைக் குத்தியது. திறப்புக்கு நேர் மேலே, எட்டாள் உயரத்தில், படகின் மேல்தகடு கிரேன் கொக்கியில் நான்கு சங்கிலிகளில் தொங்கிக்கொண்டிருந்தது. பத்து மணிக்கு இறக்குவதாக ஏற்பாடு. மகள் ஒரு நிமிடம்கூடப் பிந்தாதவள். இறக்கச் சொல்லிக் கைகாட்டுவது மூத்த ஃபிட்டரின் வேலை. வேறு யார் கைகாட்டினாலும் அவள் அசைய மாட்டாள். துறையின் கரையில் சோப்பு நின்று, இறக்கு இறக்கு என்று இரண்டு கையையும் வீசிக்கொண்டிருந்தார். தகடு இறங்கிவிட்டால் ஏதாவது பேசிச் சமாளிக்கலாம் என்று அவருக்கு இன்னும் நம்பிக்கை போலும். கிரேன் அசையவில்லை.

உளியின் தோளில் தொங்கிய வாக்கிடாக்கி கரகரத்தது. "அப்பா, இறக்கவா? மேல காத்து எடுக்குது. சரக்குக்கு அடியில ஏன் நிக்கிற, தள்ளு."

அவர் தள்ளவில்லை. வலது கையை உயர்த்தி விரல்களை மடக்கி முஷ்டியாக்கிப் பிடித்தார். நிறுத்து. கிரேன்காரர்களுக்கு அதைவிடத் தெளிவான சைகை கிடையாது.

மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் அவள் முகம் இங்கிருந்து ஒரு புள்ளிதான். புள்ளி அசையவில்லை. வாக்கிடாக்கி மறுபடி கரகரத்தது.

"செஞ்சுட்ட, இல்ல?"

அவருக்குக் கை வலித்தது; தூக்கிய முஷ்டியை இறக்கவில்லை. காற்றில் தகடு மெதுவாகத் திரும்பத் தொடங்கியது. அதன் நிழல் அவர்மேல் விழுந்து, நகர்ந்து, திறப்பை மூடியது. கீழே எஞ்சினும், அதன் பக்கத்தில் துணியைப் பிடித்தபடி அண்ணாந்து நின்றவனும் இருட்டுக்குள் போனார்கள். நிழல் விலகியது. இரண்டும் அப்படியே இருந்தன. தகடு திரும்பி வந்தது, மறுபடி மூடியது.